சர்க்கரை நோயாளியின் காலை எந்தப் படம் சரியாகக் காட்டும்?

‘லோயர் லிம்ப் டாப்ளர்’ (காலின் ரத்தக்குழாய்களைப் பார்க்கும் ஸ்கேன்) என்று மட்டும் எழுதிய சீட்டோடு ஸ்கேன் சென்டருக்கு வருகிறவர்கள் நம்மூரில் நிறைய. அந்தச் சீட்டில் முக்கியமான சொல் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பார்க்க வேண்டியது தமனியையா, சிரையையா? தமனி, இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய். சிரை, அதைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். வெரிகோஸ் வெயினும் காலில் ரத்தம் உறைந்து வீங்குவதும் சிரையின் பிரச்சினைகள். நடந்தால் ஆடுசதை பிடித்துக்கொள்வது, விரல் கறுப்பது, மாதக்கணக்கில் ஆறாத புண் இதெல்லாம் தமனியின் பிரச்சினைகள். மெஷின் ஒன்றுதான், ஜெல்லும் ஒன்றுதான். தேடுவது மட்டும் வேறு. சிரையை மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்தால், தமனியில் அடைப்பு இருப்பவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். அதனால் சீட்டில் ‘ஆர்ட்டீரியல்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

காலுக்குப் போகும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் (கால்சியம்) படிந்து வழி குறுகுவதுதான் கால் தமனி நோய். 2010 நிலவரப்படி உலகம் முழுக்க 20 கோடிப் பேருக்கு மேல் இது இருந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். காரணங்கள் வழக்கமான பட்டியல்தான்: பீடி, சிகரெட், சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, வயது. ஆனால் அடைக்கும் இடம் ஆளுக்கு ஆள் மாறும். புகைப்பவர்களுக்குப் பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும் அடைக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு முழங்காலுக்குக் கீழே, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாய்களில் அடைப்பது அதிகம். போதாததற்கு, சர்க்கரையால் நரம்பும் மரத்துப்போயிருக்கும். நடந்தால் வலிக்க வேண்டிய கால் வலிக்காது. செருப்புக் கடித்த புண் ஆறவில்லையே என்று பார்க்கும்போதுதான் விஷயமே தெரியவரும்.

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியைத் தாண்டிவிட்டார்கள் என்று 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. அதை முன்னின்று நடத்தியது சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன். ஆகவே இங்கே கால் தமனியைப் பற்றிப் பேசும்போது சர்க்கரையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேச முடியாது. சொல்ல வருவதும் அதுதான். உடம்பைக் கிழிக்காமல், தமனிக்குள் குழாய் விடாமல் அடைப்பைப் பார்க்க இன்று மூன்று நல்ல வழிகள் இருக்கின்றன: ஒலி அலையால் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன், எக்ஸ்ரேயால் பார்க்கும் சிடி ஆஞ்சியோ, காந்தத்தால் பார்க்கும் எம்ஆர் ஆஞ்சியோ. ஆனால் யாருக்கு இவை அதிகம் தேவையோ, அவர்களிடம்தான் மூன்றும் சறுக்குகின்றன. எங்கே, ஏன் சறுக்கும் என்று தெரிந்தால்தான் எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்க முடியும்.

முன்பு இந்த வழிகளே கிடையாது. 1929-இல் லிஸ்பன் நகரில் ரெய்னால்டோ டோஸ் சாண்டோஸ் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகு வழியாக நீண்ட ஊசியை நேரே மகாதமனிக்குள் செலுத்தி, மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார். 1953-இல் ஸ்வீடனின் ஸ்வென் செல்டிங்கர் ஊசி வழியாகக் கம்பி, கம்பியின் மேல் குழாய் என்று ஒரு பாதுகாப்பான முறையைக் கண்டுபிடித்தார். தமனிக்குள் குழாய் விடும் கேத் லேப்களில் இன்றும் நடப்பது அதுதான். 1964-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் சார்லஸ் டாட்டர், காலை எடுக்க மறுத்த 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடைத் தமனியை அதே வழியில் குழாய் விட்டு விரித்தார். ஆஞ்சியோபிளாஸ்டி பிறந்தது இதயத்தில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பிறந்தது காலில். தமனிக்குள் குழாய் விடும் ஆஞ்சியோகிராம் இப்போதும் மிகத் தெளிவான படம் தரும். ஆனால் தொடை இடுக்கில் ரத்தம் கட்டலாம், குழாயின் உட்சுவர் கிழியலாம். அதனால் வெறுமனே பார்ப்பதற்காக அதைச் செய்வது குறைந்துவிட்டது. கையோடு பலூனும் வைக்கப்போகிறோம் என்றால் செய்கிறார்கள்.

சரி, படத்துக்கு முன்னால் ஒரு எண் இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டு நேராக ஸ்கேனுக்குப் போவதுதான் நம்மூரில் அதிகம் நடக்கிறது.

அந்த எண்ணுக்கு ஏபிஐ என்று பெயர். கணுக்காலில் உள்ள ரத்த அழுத்தத்தைக் கையில் உள்ள அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது. நோயாளி பத்து நிமிடம் சும்மா படுத்திருக்க வேண்டும். கையில் ஒரு பட்டை, கணுக்காலுக்கு மேலே ஒரு பட்டை. ஸ்டெதாஸ்கோப்புக்குப் பதிலாகப் பேனா அளவுள்ள ஒரு டாப்ளர் கருவி. உட்கணுவுக்குப் பின்னால் ஓரிடம், புறங்காலில் ஓரிடம் என இரண்டு இடங்களில் வைத்துக் கேட்பார்கள். பட்டையில் காற்றை ஏற்றினால் ‘வுஷ், வுஷ்’ சத்தம் நின்றுபோகும். மெல்ல இறக்கும்போது எந்த அளவில் சத்தம் திரும்புகிறதோ அதுதான் அங்குள்ள அழுத்தம். கையில் 140, காலில் 84 என்றால் 84-ஐ 140-ஆல் வகுக்க 0.6. ஒன்றிலிருந்து 1.4 வரை இயல்பு. 0.9-ம் அதற்குக் கீழும் கால் தமனி நோய். 0.9-க்கும் ஒன்றுக்கும் நடுவே இருந்தால் எல்லைக்கோடு. டிரெட்மில்லில் நடக்கவைத்து மறுபடி அளந்தால் தெரிந்துவிடும். செலவு குறைவு, ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. 1950-இல் டிராவிஸ் வின்சர் என்பவர் விவரித்த முறை. எழுபது வருஷத்துக்கு மேலாகியும் இதைவிட எளிய முதல் சோதனை இன்னும் வரவில்லை.

முதல் சறுக்கலும் இங்கேதான். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளுக்கும் சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் தமனியின் நடுச்சுவரில் சுண்ணாம்பு ஏறிவிடும். இது அடைப்பை உண்டாக்கும் உட்சுவர்ப் படிவத்திலிருந்து வேறானது. வழியை அடைக்காது, குழாயை விறைக்கவைக்கும். அப்புறம் பட்டை எவ்வளவு இறுக்கினாலும் குழாய் அமுங்காது. 220, 240 என்று ஏற்றினாலும் சத்தம் நிற்காது. ஏபிஐ 1.4-ஐத் தாண்டினால் பரவாயில்லை, இந்த எண் பொய் என்று எல்லாருக்கும் தெரியும். ஆபத்தானது 1.05, 1.1 என்று வருகிற எண்தான். அடைப்பு எண்ணைக் கீழே இழுக்க, விறைப்பு அதை மேலே தள்ள, இரண்டும் சேர்ந்து இயல்பான எண்போல வந்து நிற்கும். ரிப்போர்ட்டில் சிவப்பு வட்டம் எதுவும் இருக்காது.

இதற்கு மாற்று, கால் கட்டைவிரலில் அளப்பது. விரல் தமனிகளில் இந்தச் சுண்ணாம்பு அவ்வளவாக ஏறுவதில்லை. கட்டைவிரலில் சின்னப் பட்டை ஒன்றைச் சுற்றி, விரல் நுனியில் ஒளி உணரி ஒன்றை ஒட்டிப் பார்ப்பார்கள். கை அழுத்தத்தோடு ஒப்பிடும்போது 0.7-ம் அதற்குக் கீழும் நோய். விரலின் ரத்த அழுத்தமே 30-க்குக் (பாதரச மில்லிமீட்டர்) கீழே போய்விட்டால் புண் தானாக ஆறுவது கடினம், ரத்த ஓட்டத்தைச் சீராக்கியாக வேண்டும். காலில் புண்ணோடு வரும் சர்க்கரை நோயாளிக்கு இந்தச் சோதனை ஒன்று இல்லாமல் மற்றதெல்லாம் அரைகுறைதான் என்பது என் கருத்து. ஆனால் இந்தக் கருவி இல்லாத இடங்களில்கூட சிடி மெஷின் இருக்கிறது.

இனி படங்கள். முதலில் வர வேண்டியது டாப்ளர் ஸ்கேன். சரியாகச் சொன்னால் டூப்ளெக்ஸ் ஸ்கேன்: ஒரே கருவி குழாயின் உருவத்தையும் காட்டும், அதற்குள் ரத்தம் ஓடும் வேகத்தையும் அளக்கும். 1970-களில் சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் யூஜீன் ஸ்ட்ராண்ட்னஸ் குழுவினர் இதை வளர்த்தெடுத்தார்கள். அடிப்படை எளிது. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதே, அதேதான் குறுகிய தமனியிலும் நடக்கிறது. தொடைத் தமனியில் ரத்தம் விநாடிக்கு 80, 90 சென்டிமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஓரிடத்தில் திடீரென்று 250-ஐத் தொடும். அதற்குச் சற்று முன்புள்ள வேகத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போனால் வழி பாதிக்கு மேல் குறுகியிருக்கிறது என்று கணக்கு. நான்கு மடங்கு என்றால் முக்கால்வாசி போய்விட்டது.

நல்ல கை ஒன்று இந்த ஸ்கேனைச் செய்வதைப் பார்ப்பது சுவாரஸ்யமானது. தொடை இடுக்கில் தொடங்கும். அங்கே தமனி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை தொடைச் சதைக்குள் ஆழமாக இறங்கும், மற்றது மேலாகவே முழங்காலை நோக்கிப் போகும். மேலாகப் போவது தொடையின் கீழ்ப்பகுதியில் தசைநார் வளைவு ஒன்றுக்குள் நுழைந்து முழங்கால் மடிப்புக்கு வருகிறது. அடைப்பு மிக அதிகம் வரும் இடம் அந்த வளைவு. கை அங்கே வந்ததும் வேகம் தானாகக் குறையும். திரையில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் சிவப்பு நிறம் மஞ்சளாகி, பச்சை நீலமெல்லாம் கலந்து சிதறினால் அங்கே ஓட்டம் தறிகெட்டுப் பாய்கிறது என்று பொருள். பிறகு ஸ்பீக்கர். ஆரோக்கியமான கால் தமனியின் ஓசையில் மூன்று பகுதிகள் இருக்கும்: ஓங்கி ஒன்று, சின்னதாகப் பின்வாங்கி ஒன்று, மறுபடி மெலிதாக ஒன்று. மேலே எங்கேயோ அடைப்பு இருந்தால் கீழே அது ஒற்றை மூச்சாக, இழுத்து இழுத்துக் கேட்கும். அனுபவசாலிகள் திரையைப் பார்க்குமுன் காதாலேயே ஓரளவு சொல்லிவிடுவார்கள்.

இரண்டு காலையும் ஒழுங்காகப் பார்க்க முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டால் எதையோ விட்டிருக்கிறார்கள். வயிற்றுக்குள் இருக்கும் தமனிகளைக் குடல் காற்று மறைக்கும். அதனால்தான் வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்கள். சுவரில் சுண்ணாம்பு இருந்தால் ஒலி அலை அதைத் தாண்டாது. அதற்குப் பின்னால் கறுப்பு நிழல்தான் தெரியும். இது இரண்டாவது சறுக்கல். ஆனாலும் நிழலுக்கு முன்னும் பின்னும் வேகத்தை அளந்து அடைப்பைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். 2012-இல் வந்த, பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸின் வழிகாட்டுதல், சிகிச்சை செய்யலாமா என்று யோசிக்கிற எல்லாருக்கும் முதல் படம் டூப்ளெக்ஸ்தான் என்றது.

நம் நாட்டில் இதற்கு ஒரு பக்கக் கதையும் உண்டு. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டத்தின் கீழ் அல்ட்ராசவுண்ட் மெஷின்கள் எல்லாம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். நினைத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கால் காட்ட வந்த எழுபது வயதுப் பெரியவரும் ‘இங்கு கருவில் உள்ள குழந்தையின் பாலினம் தெரிவிக்கப்படமாட்டாது’ என்ற போர்டுக்கு எதிரே உட்கார்ந்துதான் காத்திருக்கிறார். சட்டம் தேவையானதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் புண்ணோடு நடக்க முடியாமல் கிராமத்தில் இருப்பவரிடம் மெஷின் போகாது, அவர்தான் மெஷினிடம் வர வேண்டும் என்பது அதன் பக்கவிளைவு.

சிடி ஆஞ்சியோவுக்கு இங்கே மவுசு அதிகம். காரணம் புரிகிறது. கைச் சிரையில், ரத்தக்குழாயை எக்ஸ்ரேயில் தெரியவைக்கும் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்து 100 மில்லி அளவில் ஏறும், உடம்பெல்லாம் சூடாக ஒரு அலை போகும், சிறுநீர் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும். அரை நிமிடத்துக்குள் வயிற்றிலிருந்து கால்விரல் வரை படம் எடுத்தாகிவிடும். எலும்பை நீக்கிவிட்டு, தமனி மரம் மட்டும் முப்பரிமாணத்தில் சுழலும். இடுப்பு, தொடை அடைப்புகளுக்கு இது அருமையான படம். பைபாஸ் எங்கே தொடங்கி எங்கே முடிக்கலாம் என்று அறுவை சிகிச்சை நிபுணர் இதை வைத்துத் திட்டம் போட்டுவிடலாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. புதிய மெஷின்கள் மிக வேகமானவை. அடைப்புள்ள காலில் ரத்தம் மெதுவாகப் போவதால், மருந்து பாதத்தை எட்டுமுன் மேசை அதைத் தாண்டிப் போய்விடும். பாதத்துத் தமனிகள் அடைபடாமலே அடைபட்டதுபோலத் தெரியும். அனுபவமுள்ள டெக்னீஷியன் மேசையை மெதுவாக ஓட்டுவார், இல்லையென்றால் கீழ்க்காலை மட்டும் மறுபடி ஒருமுறை எடுப்பார்.

சர்க்கரை நோயாளியிடம் வரும்போது சிடிக்கு இரண்டு தொல்லை. சிடியில் அயோடினும் வெள்ளை, சுண்ணாம்பும் வெள்ளை. அதோடு சுண்ணாம்பு தன் உண்மையான அளவைவிடப் பூரித்துத் தெரியும். இரண்டு மில்லிமீட்டர்க் குழாயில் சுவரெல்லாம் சுண்ணாம்பாக இருந்தால் உள்ளே வழி இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே முடியாது. அடுத்தது சிறுநீரகம். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏற்கெனவே உயர்ந்திருப்பவருக்கு அயோடின் மருந்து கூடுதல் பாரம். அதனால்தான் ஸ்கேனுக்கு முன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கேட்கிறார்கள். சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் பெரும்பாலும் நிறுத்தத் தேவைப்படாது. பலவீனமாக இருந்தால் இரண்டு நாள் நிறுத்தச் சொல்வார்கள்.

எம்ஆர் ஆஞ்சியோ இந்த இடத்தில் கைகொடுக்கும். எம்ஆர்ஐக்குச் சுண்ணாம்பு கண்ணிலேயே படாது. ஓடுகிற ரத்தம் மட்டும் பளிச்சென்று தெரியும். முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய குழாய்களுக்கு, சுண்ணாம்பு நிறைந்த கால்களுக்கு, சிடியைவிட இதுதான் பொருத்தம். நைஸ் வழிகாட்டுதலும் டூப்ளெக்ஸுக்கு அடுத்து எம்ஆரைத்தான் வைக்கிறது. அது முடியாதபோதுதான் சிடி. நம்மூரில் வரிசை தலைகீழ். சிடி ஐந்து நிமிட வேலை, எம்ஆர் அரை மணிக்கு மேல். மெஷினும் குறைவு, செலவும் கூட. படிக்கத் தெரிந்தவர்களும் குறைவு. இதற்கும் குறைகள் உண்டு. உள்ளே ஸ்டென்ட் இருந்தால் அந்த இடம் வெறும் கறுப்பாகத் தெரியும். அடைபட்டுவிட்டதோ என்று பயந்துவிடக் கூடாது. குறுகலைக் கொஞ்சம் மிகைப்படுத்தியும் காட்டும். பழைய பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்குச் சிக்கல்.

அயோடினுக்குப் பயந்து எம்ஆருக்குப் போனவர்களை 2006-இல் ஒரு செய்தி நிலைகுலைய வைத்தது. எம்ஆரில் ஏற்றும் கடோலினியம் மருந்து, சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தவர்களுக்குத் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் கொடிய நோயைத் தரக்கூடும் என்று அந்த ஆண்டில்தான் தெரிந்தது. அந்த நோயாளிகள் 1997 முதலே வந்துகொண்டிருந்தார்கள். காரணம் புரியப் பத்தாண்டு ஆனது. இன்று பயன்படுத்தும் புதிய வகைக் கடோலினிய மருந்துகளில் இந்த ஆபத்து மிக மிகக் குறைவு. மருந்தே ஏற்றாமல் எடுக்கும் முறைகளும் வந்துவிட்டன. 2010-இல் அமெரிக்காவில் ராபர்ட் எடல்மன் குழு வெளியிட்ட க்விஸ் முறை அதில் ஒன்று. இதயத் துடிப்போடு ஒத்திசைத்து, அசையாத சதையை இருட்டாக்கி, புதிதாக உள்ளே வரும் ரத்தத்தை மட்டும் பளிச்சென்று காட்டும். டயாலிசிஸில் இருப்பவரின் காலைப் பார்க்க இதைவிட நிம்மதியான வழி வேறில்லை. இருக்கிற எம்ஆர்ஐ மெஷினில் இந்த மென்பொருள் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சிடியின் பக்கமும் சும்மா இல்லை. ஒவ்வொரு எக்ஸ்ரே துகளையும் தனித்தனியே எண்ணும் போட்டான் கவுன்ட்டிங் சிடிக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சுண்ணாம்பின் பூரிப்பை அது கணிசமாகக் குறைக்கிறது.

எந்தப் படமும் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. படம் குழாயைக் காட்டும், தோலுக்கு எவ்வளவு ரத்தம் போய்ச் சேருகிறது என்பதைக் காட்டாது. தொடைத் தமனி முழுக்க அடைபட்டும், பக்கக் கிளைகள் பெருத்து வேலையைப் பார்த்துக்கொள்வதால் இரண்டு கிலோமீட்டர் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாமல் விரல் கறுத்துப்போகிறவர்களும் இருக்கிறார்கள். பீடி பிடிக்கும் இளைஞர்களுக்கு வரும் பர்ஜர் நோயில் முழங்காலுக்குக் கீழே தமனிகள் அறுந்து நின்றுவிட, திருகாணிபோல நெளிந்த சின்னக் கிளைகள் அந்த இடத்தை நிரப்பியிருக்கும். பார்த்தவுடனே நோயைச் சொல்லிவிடும் படம் அது. ஆனால் அந்தக் கால் பிழைக்குமா என்று சொல்லாது. 2014-இல் அமெரிக்க ரத்தக்குழாய் அறுவை சிகிச்சைச் சங்கம் கொண்டுவந்த வைஃபை (WIfI) என்ற மதிப்பீடு புண்ணின் ஆழம், ரத்த ஓட்டம், தொற்று மூன்றையும் சேர்த்து மதிப்பெண் போடுகிறது. அதில் ரத்த ஓட்டத்துக்கு எடுத்துக்கொள்வது கணுக்கால், கட்டைவிரல் அழுத்த எண்களையும் தோலின் ஆக்சிஜன் அளவையும்தான். படத்தில் எத்தனை சதவீத அடைப்பு என்பதை அல்ல.

வலியும் இல்லை, புண்ணும் இல்லை, ஏபிஐ மட்டும் 0.8 என்றால்? அப்போது சிடி, எம்ஆர் இரண்டும் வேண்டாம் என்கிறது 2016-இல் வந்த அமெரிக்க இதய அமைப்புகளின் வழிகாட்டுதல். தீங்கு என்ற வகையில்தான் அதைச் சேர்த்திருக்கிறது. அவருக்குத் தேவை புகையை நிறுத்துவதும் கொழுப்பு மாத்திரையும் நடைப்பயிற்சியும். இதயத்தையும் மூளையையும் காப்பாற்றுவதுதான் அங்கே முதல் வேலை, ஏனென்றால் காலில் அடைத்திருப்பவருக்கு அங்கேயும் அடைக்க வாய்ப்பு அதிகம். பேக்கேஜ் விலையில் ‘முழு உடல் ஆஞ்சியோ’ விற்கிற விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. படத்தில் ஓர் அடைப்பைக் காட்டிவிட்டால் அதை விரிக்காமல் விடச் சொல்ல நோயாளிக்கும் மனம் வராது, குடும்பத்துக்கும் வராது.

ஆறாத புண், ராத்திரியில் காலைத் தொங்கப்போட்டால் மட்டும் குறையும் வலி, கறுத்த விரல் என்றால் கதை வேறு. அங்கே தாமதிக்கக் கூடாது. நாடி பார்த்து, கட்டைவிரல் அழுத்தமும் டூப்ளெக்ஸும் எடுத்து, இடுப்பு வரை அடைப்பு என்றால் சிடி, முழங்காலுக்குக் கீழே சுண்ணாம்புக் கால் என்றால் எம்ஆர், இரண்டும் சரிவராவிட்டால் கேத் லேப் என்று ஒரே வாரத்துக்குள் முடிவுக்கு வந்துவிட வேண்டும். திடீரென்று கால் சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் வாரமெல்லாம் கிடையாது. அது சில மணி நேர அவசரம்.

எந்தப் படம் எடுத்தாலும் ஃபிலிமோடு படம் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சை செய்யப்போகிறவர் ரிப்போர்ட் காகிதத்தை வைத்து முடிவெடுக்க மாட்டார். மூலப்படத்தை ஒவ்வொரு துண்டாக நகர்த்திப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. பைபாஸோ ஸ்டென்ட்டோ வைத்தபின் முதல் மாதத்தில் ஒரு டூப்ளெக்ஸ் எடுத்து வைப்பது வழக்கம். ஆறு மாதம் கழித்து வேகம் கூடியிருக்கிறதா என்று பார்க்க அந்தப் பழைய எண்கள் வேண்டும்.